அடைத்த கை

பிணவறைக் கதவின் ரப்பரை அப்பா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் மூலையில் தொடங்கி, பக்கவாட்டில் இறங்கி, கீழ்க் கீல் வரைக்கும் வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே ரப்பர் வெடித்திருந்தது.

"குளிரெல்லாம் வெளிய போகுதே," என்றார் ஊழியரிடம். "இத மாத்தணுங்க. சொன்னீங்கன்னா நானே வந்து மாத்திக் குடுத்துடறேன்."

ஊழியர் அவருடைய மகளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தள்ளுவண்டியில் தம்பி கிடந்தான். கழுத்து வரைக்கும் துணி போர்த்தியிருந்தார்கள். கன்னம் சிவந்து, வெயிலில் விளையாடிவிட்டு வந்து தூங்குகிறவன் மாதிரி இருந்தான். பிணவறை நாற்றத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அப்பாவின் அந்தக் கட்டைவிரலைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்பா! போதும், வாங்க."

அப்பாவுக்குக் குளிர்பதன அறைகள் கட்டுகிற வேலை. இறைச்சி, ஐஸ்கிரீம், மருந்து என்று எதை வைக்கிற அறையானாலும் சுவர் எழுப்புவார், கதவு பொருத்துவார், இண்டு இடுக்கெல்லாம் அடைப்பார். ஓட்டை என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. மற்ற வீடுகளில் பிள்ளைகளைச் சாப்பிட்டாயா என்று கேட்டு வளர்ப்பார்கள். இந்த வீட்டில் கதவைச் சாத்தினாயா என்று கேட்டு வளர்த்தார். அதெல்லாம் சரி. பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கிற இடத்தில் ஒரு மனுஷனுக்கு ரப்பர் கண்ணில் படுமா? படும் போலிருக்கிறது. சீ என்றிருந்தது அவளுக்கு.

அமரர் ஊர்தியில் அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அவள் பின்னால் தம்பியோடு உட்கார்ந்தாள். சாலையோரமெல்லாம் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. இந்தப் பனிக்குப் பயந்துதான் அவன் தெற்கே போகிறேன் என்று குதித்தான்.

குளிர்காலம் வந்தால் இந்த ஊரில் அவனுக்கு ஓட்ட இடம் கிடையாது. இருக்கிற ஒரே கான்கிரீட் சரிவையும் வழுக்கும் என்று பூட்டிவிடுவார்கள். ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவன் அவன். பகலெல்லாம் ஏணி மேல் நிற்பான், சாயந்திரம் ஆனால் அந்தக் குட்டி பி.எம்.எக்ஸ் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். ஆளோ ஆறடி. சைக்கிளோ ஆறாம் வகுப்புப் பையனுக்கு வாங்கியது போல் இருக்கும். தெருவே அவனைக் குட்டிச்சக்கரம் என்றுதான் கூப்பிடும். போன கோடையில் ஒரு பழைய வேனை வாங்கினான். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. குளிர்காலம் முழுக்க வேனிலேயே தூங்கி, ஊர் ஊராகத் தெற்கே இறங்கி, காய்ந்த சரிவு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஓட்டிவிட்டு, பனி உருகிய பிறகு திரும்பி வருவதாகத் திட்டம்.

"சைக்கிள் ஓட்டறதுக்காக வண்டியில போறியா, வண்டி ஓட்டறதுக்காக சைக்கிள எடுத்துட்டுப் போறியா?" என்று அப்பா கேட்பார்.

"உக்காரவே முடியாத சைக்கிளுக்கு எதுக்குடா சீட்டு? அதக் கழட்டி வச்சிட்டு அந்த இடத்துல ரெண்டு ஸ்வெட்டர் வச்சுக்கோ," என்பாள் அம்மா.

அவன் சிரிப்பான். சாப்பாட்டு மேசையிலேயே வரைபடத்தை விரிப்பான். குழம்புக் கிண்ணத்தை அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நகர்த்துவான். "முதல் வாரம் நீயும் வாக்கா. அந்த பார்சல் கம்பெனியில பெட்டி ஒட்டி ஒட்டியே நீயும் பெட்டி ஆயிடுவ. கடலப் பாத்துட்டு பஸ் ஏறி வந்துடு." அவள் லீவு கேட்டு, அதுவும் கிடைத்துவிட்டது. தடிமனான சாக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான்.

கிளம்புவதற்கு முன்னால் ஓர் இரவு வேனிலேயே தூங்கிப் பார்க்கிறேன் என்று வீட்டுப் பக்கச் சந்தில் வேனை நிறுத்தி, கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படுத்தான். நேற்றுக் காலையில் டீ எடுத்துப் போன அம்மா தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். மகள் அப்போது கம்பெனியில் காலை ஷிஃப்டில் இருந்தாள். ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. வேனையும் போலீஸ் பூட்டிவிட்டது; சோதனை முடிந்து இன்று காலையில்தான் திறந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் சொன்னதை அத்தை வாய்வழியாகத்தான் அவள் கேட்டாள். ஹீட்டர் புகை வெளியே போக வேன் கூரையில் ஒரு துளை உண்டு. அதை உள்ளேயிருந்து அடைத்திருக்கிறார்கள். யார் அடைத்தது என்று கேட்டதற்கு, "தெரியாதுங்க, வண்டி அவனோடதுதான்," என்று அப்பா சொன்னாராம். பையனுக்கு மனக்கஷ்டம் ஏதாவது உண்டா என்று இன்ஸ்பெக்டர் அடுத்துக் கேட்டாராம். அம்மாவிடம் மட்டும் மூச்சு முட்டிவிட்டது என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டு வாசலில் ஷூவும் செருப்புமாகக் குவிந்து கிடந்தன. தம்பியை இறக்கிக் கூடத்தில் வைத்ததும் அத்தை ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பவுடரும் வியர்வையும் கலந்த வாடை. அம்மாவுக்குக் கேட்காமல் காதோரம் கிசுகிசுத்தாள்.

"இப்படிப் பண்ணிட்டானேடி பாவி! ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா!"

அவள் மெதுவாக அத்தையின் கைகளைப் பிரித்து எடுத்தாள். காலையிலிருந்து வந்தவர் போனவர் எல்லோரும் அம்மா காதில் விழாமல் பண்ணிட்டான், பண்ணிட்டான் என்றுதான் சொல்கிறார்கள். ஒருத்தர் வாயிலும் இறந்துவிட்டான் என்று வரவில்லை. அழுகிற கண்ணோரத்தில் எல்லோருக்கும் ஓர் ஆர்வம் மினுமினுத்தது.

அத்தையின் கணவர், அவளுக்கு மாமா, பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்மா. காதல் கீதல்னு எதுனா?"

"இல்ல மாமா."

"வேலையில பிரச்சினையா?"

"இல்ல."

"என்னவோ போ. இந்த வயசுல கொழந்த சைக்கிள வச்சிக்கிட்டுச் சுத்தினப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. சாதாரண மனுஷன் கொட்டற பனியில டூர் போவானா?" முக்கிய பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. விரலை விட்டு அதைத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "வேன் நல்ல கண்டிஷன்ல இருக்கு போல. என்ன பண்ணப்போறீங்க?"

த்தூ என்று துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை. துப்பினால் அதையும் ஒரு மாதிரி என்று சொல்வார்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரி புத்தி என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசுவார்கள்.

அம்மா தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து போர்வை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அதிகம் பேசவில்லை. மகளைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"அந்தப் பச்ச ஜாக்கெட் எங்கடி? பயணத்துக்குன்னு வாங்கினானே, அது. போட்டு அனுப்பணும். குளிரும்."

"வண்டியில இருக்கும்மா. எடுத்துட்டு வரேன்."

பக்கச் சந்தில் வேனுக்கு முன்னால் பொக்கை உட்கார்ந்திருந்தான். தம்பியின் கூட்டாளி. சரிவில் விழுந்து முன்பற்கள் இரண்டும் போன நாளிலிருந்து அவனுக்கு இந்தப் பெயர். அவன் சைக்கிள் பக்கத்தில் பனியில் விழுந்து கிடந்தது. அதை எடுத்து நிறுத்தக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. அழுது மூக்கெல்லாம் வீங்கியிருந்தது.

"உள்ள வரலையா?"

"எப்படிக்கா வர்றது? உள்ள வந்தா உங்க மாமா மூஞ்சியில குத்திடுவேன்," என்றான். "தானா பண்ணிக்கிட்டானாமா? அவனா? இங்க வந்து பாருங்க."

வேனின் பின்கதவைத் திறந்தான். உள்ளே சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் தளர்த்தித் திருப்பி, சுவரோடு சுவராகப் பட்டை போட்டுக் கட்டியிருந்தான். சாலை உப்பு பட்டால் துருப்பிடிக்கும் என்று சங்கிலிக்கு வாஸ்லின் தடவி, பழைய சாக்ஸ் ஒன்றுக்குள் திணித்து வைத்திருந்தான். படுக்கைக்கு அடியில் புது டயர்கள். பொக்கை அங்கிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை இழுத்து எடுத்தான். ஒட்டின ஸ்டிக்கர் கூடப் பிரிக்கவில்லை.

"இது என்னன்னு தெரியுதாக்கா? பிரேக்."

"அவன் சைக்கிளுக்கு பிரேக்கே கிடையாதேடா."

"எங்க யாருக்கும் கிடையாது. ஷூவப் பின்சக்கரத்துல வச்சி அமுக்கித்தான் நிறுத்துவோம். பிரேக் வச்சவனப் பாத்தா நாங்க கிண்டல் பண்ணியே சாகடிப்போம். அந்த மானத்தையும் விட்டுட்டு இவன் வாங்கி வச்சிருக்கான். கேட்டா, 'எங்கம்மா கேட்டுட்டாங்கடா'ன்னான். நாங்க ரெண்டு பேரும் சேந்து மாட்டறதா இருந்தோம்." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். "சாகப்போறவனுக்கு பிரேக் எதுக்குக்கா? போற இடத்துலெல்லாம் தானா பண்ணிக்கிட்டான்னுதான் பேசிக்கறாங்க. டிராக்ல இருக்கற சின்னப் பசங்க கேக்கறானுங்க, அண்ணன் ஏன் செத்துப்போச்சுன்னு. நான் என்ன சொல்லட்டும்? யாராவது ஒருத்தர் உண்மையச் சொல்லுங்கக்கா."

அவள் ஜாக்கெட்டைத் தேடி உள்ளே ஏறினாள். வேனின் சுவர் முழுக்க அப்பாவும் அவனும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் குளிர் நுழையாமலிருக்க நுரைப்பலகை வைத்து, மேலே சாம்பல் நிற விரிப்பு ஒட்டியிருந்தார்கள். ஜாக்கெட் படுக்கைத் தலைமாட்டில் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது கூரையைப் பார்த்தாள்.

போலீஸ்காரர்கள் அங்கே விரிப்பைக் கத்தியால் கிழித்திருந்தார்கள். கிழிசலுக்குள் துளையின் அளவுக்குத் துல்லியமாக வெட்டிய நுரைப்பலகைத் துண்டு பாதி வெளியே தொங்கியது. அதைச் சுற்றி அலுமினிய டேப். மேலே அதே சாம்பல் விரிப்பில் ஒட்டுப் போட்டு, ஒட்டுப் போட்ட இடமே தெரியாதபடி தேய்த்துவிட்டிருக்க வேண்டும். இருட்டில் வந்து படுக்கிறவனுக்கு அங்கே துளை இருந்ததே மறந்திருக்கும்.

டேப்பின் நுனி உட்பக்கமாக மடிக்கப்பட்டு, ஒரு சின்ன முக்கோணமாக நின்றது.

அவள் அந்த முக்கோணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி எந்த டேப்பையும் பல்லால்தான் கடித்துப் பிய்ப்பான். நுனி நாய் குதறியது போலிருக்கும். நுனியை மடித்து விடுகிறவர் வீட்டில் ஒருத்தர்தான். நாளைக்கு இன்னொருத்தன் வந்து பிரிக்கணும், அவன் நகத்தால சுரண்டிக்கிட்டு நிக்கக் கூடாது என்பார். அவரிடமிருந்து அவளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கம்பெனியில் பெட்டிக்குப் பெட்டி டேப்பை மடித்து வீணாக்குகிறாள் என்று சூப்பர்வைசர் அவளைத் திட்டாத நாள் கிடையாது.

தெரியாதுங்க, வண்டி அவனோடதுதான்.

ஜாக்கெட்டை அள்ளிக்கொண்டு இறங்கினாள். பொக்கை ஏதோ கேட்டான். காதில் விழவில்லை. வாசல் பக்கம் அப்பா, மாமாவோடும் பக்கத்து வீட்டுக்காரரோடும் நின்றுகொண்டிருந்தார். மாமாதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா மச்சான்? மொகத்தப் பாத்தாவது..."

அப்பா தரையைப் பார்த்தார். "கொஞ்ச நாளா ஒரு மாதிரிதான் இருந்தான்," என்றார்.

மாமா உச்சுக்கொட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் உச்சுக்கொட்டினார். இதைவிட அசிங்கமான ஒன்றைத் தன் வாழ்நாளில் அவள் கேட்டதில்லை. அத்தை சொல்லலாம், மாமா சொல்லலாம், தெருவில் போகிறவன் சொல்லலாம். அடைத்த கையை வைத்துக்கொண்டு இவர் சொல்கிறார்.

"அப்பா, கொஞ்சம் உள்ள வாங்க."

சமையலறையில் யாரும் இல்லை. அப்பா உள்ளே வந்ததும் பழக்கத்தில் கதவைச் சாத்தினார்.

"சாத்தாதீங்க!" அவள் கதவை இழுத்துத் திறந்தாள். "இனிமே இந்த வீட்ல எதையும் சாத்தாதீங்க. நீங்கதான அடைச்சது?"

அப்பா சிங்க்கில் கிடந்த டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நுனி மடிச்சிருக்கு. பாத்துட்டுத்தான் வரேன்."

"மெதுவாப் பேசும்மா."

"எதுக்கு மெதுவா? இன்ஸ்பெக்டர் கேட்டா தெரியாதாம். மாமா கேட்டா அவன் ஒரு மாதிரியாம். பெத்த புள்ளமேல பழியப் போட்டுட்டு அங்க நின்னு உச்சுக்கொட்டறத கேட்டுக்கிட்டு இருக்கீங்க. உங்களுக்கு அசிங்கமா இல்ல?"

"இருக்கு," என்றார் அப்பா.

அவள் எதிர்பார்த்தது இந்தப் பதிலை அல்ல. மறுப்பார், கத்துவார், அழுவார் என்று நினைத்திருந்தாள். அவர் ஒரு டம்ளரை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

"ஜெயிலுக்குப் பயமா?"

"போட்டாப் போடட்டும். அங்க போயாவது நிம்மதியா அழுவேன்." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "உங்கம்மாதான் அடைக்கச் சொன்னா."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து அத்தையின் ஓலம் உயர்ந்து தணிந்தது.

"அன்னிக்கு மத்தியானம் அவன் சைக்கிள எடுத்துட்டுப் போயிருந்தான். உங்கம்மா வண்டிக்குள்ள படுக்க விரிக்கப் போனா. திரும்பி வந்து, 'மேல ஒரு ஓட்ட இருக்குங்க, பனியெல்லாம் புள்ள தலையிலதான் எறங்கும், அடைச்சு விடுங்க'ன்னா. பாக்கலாம்னு சொல்லிட்டு, அவ மத்தியானத் தூக்கம் போட்டப்ப போனேன். ஹீட்டர் இருக்கறது எனக்குத் தெரியும். ஓட்ட எதுக்குன்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருந்தா அதுவும் தெரிஞ்சிருக்கும். யோசிக்கலம்மா. ஓட்டையப் பாத்ததும் கை பாட்டுக்கு வேலையப் பாத்துடுச்சு." அடுத்த டம்ளரை எடுத்தார். "நல்லா அடைச்சேன். ஒரு இடுக்கு விடல."

அவளுக்கு அவரைத் தொடவும் பிடிக்கவில்லை, விலகிப் போகவும் முடியவில்லை.

"இப்ப நான் போய் நான்தான் அடைச்சேன்னு சொல்றேன்னு வச்சுக்கோ. அடுத்த வார்த்த அவ என்ன கேப்பா? எத அடைச்சீங்கன்னு கேப்பா. நான் என்ன சொல்ல? நீ சொன்னதத்தான் அடைச்சேன்னா?"

"அதுக்காக அவன் தானா செத்தான்னு ஊர் பேசட்டுமா?"

"அவனுக்கு இனிமே எதுவும் காதுல விழாதும்மா. அவளுக்கு விழும்."

"அவன் பேரு என்னப்பா ஆகறது? அந்த டிராக்ல சின்னப் பசங்க கேக்கறானுங்களாம். அம்மாவுக்காக பிரேக் வாங்கி வச்சிருக்கான்ப்பா அவன்!" அவள் கத்தியேவிட்டாள். "உங்களால முடியலேன்னா நான் சொல்றேன். இன்னிக்கே, அவனத் தூக்கறதுக்குள்ள, எல்லார் முன்னாடியும் சொல்லத்தான் போறேன்."

அப்பா அவளைத் தடுக்கவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் ஏதோ மாறியிருந்தது தெரிந்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவள் போல. அம்மா முழங்காலிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து தொங்கியது. மகளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். அவள் போய் உட்கார, அம்மா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கத்த சொல்றா. அவனாவே உள்ள அடைச்சுக்கிட்டானாமே? பொய்யா நெசமாடி?"

வாசல் நிலையருகே பொக்கை வந்து நின்றிருந்தான். மாமா டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் என்னடி கொற வச்சேன்? ஒரு ராத்திரி வந்து, 'அம்மா, எனக்கு முடியலம்மா'ன்னு சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்? பிரேக் போடு பிரேக் போடுன்னு நச்சரிச்சேனே, அதுக்கா? ஸ்வெட்டர எடுத்துக்கன்னு திட்டினேனே, அதுக்கா? டூர்னு சொன்னதே என்ன ஏமாத்தறதுக்கா?" அம்மா தன் நெஞ்சிலேயே ஒரு குத்து விட்டாள். "நான் ஏதோ சொல்லியிருக்கேன். ஏதோ ஒரு வார்த்த. எதுன்னு மட்டும் சொல்லுடி, எதுன்னு தெரிஞ்சாப் போதும்!"

உண்மை மகளின் வாய் வரைக்கும் வந்திருந்தது. அம்மாவின் நகங்கள் மணிக்கட்டில் பதிந்தன. அம்மா சொன்ன ஒரு வார்த்தை இருக்கிறது. எதுவென்று அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். சொல்லிடு என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை.

"அவன் எதுவும் பண்ணிக்கலம்மா," என்றாள் அவள். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கத்தான் சொன்னாள். "அந்த ஓட்டைய நான்தான் அடைச்சேன்."

யாரோ ஹா என்றார்கள்.

"நீயா?"

"நான்தான். அவன் வெளிய போயிருந்தப்ப. பனி எறங்கும்னு நெனச்சேன். கம்பெனி டேப்பு வச்சு அடைச்சேன். புகை போறதுக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. அவன்கிட்ட சொல்லவும் இல்ல. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. கிளம்பறதுக்குத்தான் எல்லாம் கட்டி வச்சிருந்தான்."

அம்மாவின் பிடி தளர்ந்தது. விரல் ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு மெல்லத் திரும்பி அப்பாவைத் தேடினாள்.

"நானும் அதையேதான உங்ககிட்ட சொன்னேன்? அந்த ஓட்டைய அடைங்கன்னு? நீங்க செய்யலையா?"

அப்பாவின் உதடு அசைந்தது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இந்த மனுஷன் உண்மையைச் சொல்லிவிடட்டும் என்று வேண்டினாள். அடுத்த கணமே வேண்டாம் என்றும் வேண்டினாள்.

"இல்ல," என்றார் அப்பா. "மறந்துட்டேன்."

"நல்ல வேள." அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல வேள, நான் சொன்னத நீங்க கேக்கல."

அத்தை, "அடிப்பாவி!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். துக்கத்தை மீறி அவள் முகம் பளிச்சென்று ஆகியிருந்தது. இதுவரை கிடைத்ததைவிடப் பெரிதாக ஒன்று கிடைத்துவிட்டது. இனி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதுதான். மாமா செருமிக்கொண்டு, "இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியாகணுமே," என்றார். "நானே போய்ச் சொல்றேன்," என்றாள் அவள். நிலையருகே பொக்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டவன், பார்வையைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான்.

அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். மகளுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. தம்பியின் கன்னத்தைத் தொட்டு, "பண்ணிக்கலடா, நீ பண்ணிக்கல, எனக்குத் தெரியும்," என்று அவன் காதில் சொன்னாள். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாய்விட்டு, தேம்பித் தேம்பி அழுதாள். அழுகை இருமலாகியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள்.

மகள் எழுந்து ஓடினாள். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, அம்மாவின் முன்னால் மண்டியிட்டு நீட்டினாள். அம்மா டம்ளரைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருமல் நிற்கவில்லை. அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அப்பா வந்து அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அம்மா முழுவதையும் குடித்தாள்.